குருவியில் தொடங்கிய வாழ்வு: சலீம் அலியும் மன்னாரின் பறவைகளும்

ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியின் இருமருங்கும் வேறொரு கோலம் கொள்கின்றன. வடதிசையிலிருந்து உள்ளான்களும் ஊசிவால் வாத்துக்களும் கடற்காக்கைகளும் அணியணியாக வந்திறங்குகின்றன. பூநாரைகள் கூடி நிற்கும் காலத்தில் வங்காலைக் கரையோரத்து ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு இளஞ்சிவப்பு நிறம் பூணுகிறது. அறபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்குமரத்தையும் கழுதையையும் தனதாக்கிக் கொண்ட தீவு இது. ஆதாம் பாலம் என்று ஒரு சாராரும் இராமர் அணை என்று மறுசாராரும் அழைக்கும் மணற்திட்டுக்கள் தொடங்கும் இடமும் இதுவே. வருவோரை ஏற்றுக்கொள்வது இம்மண்ணின் வழக்கம். ஆயினும், ஆண்டுதோறும் வந்துபோகும் இந்தச் சிறகுள்ள விருந்தினரின் பெயர்களை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர் என்ற வினா எழும்போது நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

வந்துபோகும் பறவைகள் ஒருபுறமிருக்க, ஆண்டு முழுவதும் இக்கரையிலேயே வாழும் வெண்வயிற்றுக் கடற்கழுகையும், மீனவர் வாடிகளுக்கு மேலே வட்டமிடும் செம்பருந்தையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். அந்தக் கடற்கழுகுக்குக் கடல்கடந்த உறவு ஒன்றுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் தேசியச் சின்னமாக விளங்கும் வெண்தலைக் கழுகு, நமது கடற்கழுகுக்கு நெருங்கிய உறவுடைய இனம். டி.டி.டி. என்னும் பூச்சிகொல்லி அதன் முட்டை ஓடுகளை நொய்மையாக்கியதன் விளைவாக, 1963இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் கூடுகட்டும் இணைகள் 417 மாத்திரமே எஞ்சியிருந்தன. 1972இல் அந்த நஞ்சு தடைசெய்யப்பட்டது. கழுகு மெல்ல மெல்ல மீண்டது. 2007இல் ஆபத்துக்குள்ளான உயிரினங்களின் பட்டியலிலிருந்தே அது நீக்கப்பட்டது.

சட்டம் மட்டுமே இதனைச் சாதிக்கவில்லை. வாகனங்களில் அடிபட்டும், மின்கம்பிகளில் மோதியும், வேட்டைக்காரரின் ஈயக்குண்டுத் துகள்கள் உடலில் கலந்து நஞ்சேறியும் வீழும் கழுகுகளை மீட்டுச் சிகிச்சையளிக்கும் நிலையங்கள் அந்நாட்டில் உள்ளன. பறக்கக்கூடியவை விடுவிக்கப்படுகின்றன. இனி ஒருபோதும் பறக்க இயலாதவை அரச அனுமதியுடன் பராமரிக்கப்பட்டு, பாடசாலை மாணவர் முன்னிலையில் கொண்டுவரப்படுகின்றன. மினசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள வபாஷா என்னும் சிற்றூரின் தேசியக் கழுகு நிலையம் இப்பணிக்கெனவே இயங்குகிறது. சிறகொடிந்த பறவை அங்கே ஆசானாகிறது. இது நமக்கு விளங்காத செய்தியன்று. சிறகு கருகித் தென்கடற்கரையில் அமர்ந்திருந்த சம்பாதிதான் சீதை இருக்கும் திசையை வானரருக்குக் காட்டினான் என்பது இராமகாதை தரும் செய்தி. சுலைமான் நபியவர்களிடம் சபா நாட்டின் செய்தியைக் கொணர்ந்தது ஹுத்ஹுத் என்னும் கொண்டலாத்திப் பறவை என்பது திருக்குர்ஆன் தரும் செய்தி.

கண்முன்னே இருக்கும் ஒரு பறவை ஒரு பிள்ளையின் வாழ்வை எவ்வாறு திருப்பிவிடும் என்பதற்கு நமது துணைக்கண்டத்திலேயே மிகப்பெரும் சான்று ஒன்றுண்டு. அந்தப் பிள்ளை, பின்னாளில் இந்தியாவின் பறவை மனிதர் எனப் போற்றப்பட்ட கலாநிதி சலீம் அலி. அவருடைய வாழ்வை இன்று மன்னாரிலிருந்து திரும்பிப் பார்ப்பது பயனுடையதென நாம் கருதுகிறோம்.

சலீம் மொய்சுத்தீன் அப்துல் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தையாப்ஜியும், பிள்ளைப்பேறு இல்லாத அவருடைய துணைவியார் ஹமீதா பேகமும் அந்த அநாதைப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். தையாப்ஜி குடும்பம் பம்பாயில் பெயர்பெற்றது. 1887இல் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தையாப்ஜியும், காந்தியடிகளின் அணுக்கத் தோழரான அப்பாஸ் தையாப்ஜியும் அக்குடும்பத்தவரே.

அமீருத்தீன் வேட்டையில் பிரியம் கொண்டவர். மருமகனுக்கு அவர் ஒரு காற்றுத் துப்பாக்கியைப் பரிசளித்தார். அக்காலச் சிறுவர் பலரையும்போல் சலீமும் குருவிகளைச் சுட்டார். முறைப்படி அறுத்து உண்பது அவ்வீட்டு வழக்கம். 1908ஆம் ஆண்டளவில் ஒரு நாள் சுட்டு வீழ்த்திய குருவியை எடுத்துப் பார்த்தபோது அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று தென்பட்டது. வழமையான ஊர்க்குருவிக்கு அவ்வாறு இருப்பதில்லை. இது வேறு இனமாயின் முஸ்லிம் ஒருவர் உண்ண ஆகுமானதா என்ற ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. ஹலாலா, ஹறாமா என்று கேட்கப் பழகிய ஒரு வீட்டின் பிள்ளை கேட்ட அந்தக் கேள்வியிலிருந்துதான் துணைக்கண்டத்தின் நவீன பறவையியல் வளர்ந்தது என்றால் அது மிகையாகாது. மாமாவுக்கும் அக்குருவி இன்னதென்று தெரியவில்லை. ஆனால், தெரியாததைத் தெரியாது என்று ஏற்றுக்கொண்டு, தெரிந்தவரிடம் பிள்ளையை அனுப்பிவைக்கும் பண்பு அவரிடமிருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் டபிள்யூ.எஸ். மில்லார்ட்டுக்கு அவர் ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

1883இல் நிறுவப்பட்ட அக்கழகம் அந்நாளில் பெரும்பாலும் ஆங்கிலேயரின் உலகமாகவே இருந்தது. கடதாசிப் பொதியில் செத்த குருவியோடும் நெஞ்சில் நடுக்கத்தோடும் உள்ளே நுழைந்த சுதேசிச் சிறுவனை மில்லார்ட் விரட்டவில்லை. அது மஞ்சள்தொண்டைக் குருவி என்று பெயர் சொன்னார். அத்தோடு நின்றுவிடாமல், பாடஞ்செய்யப்பட்ட பறவைகள் அடுக்கப்பட்டிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்கள் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தும் கலையைக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். பெரிய மனிதர் ஒருவர் சிறு பிள்ளைக்காக ஒதுக்கிய அந்தச் சிறு பொழுதின் பயனை ஒரு துணைக்கண்டமே அனுபவித்தது. தமது 89ஆவது வயதில், 1985இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சி என்னும் பொருள்படப் பெயரிட்டதன் மூலம் அவர் அந்தக் கடனை ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பின்னர் எல்லாம் சீராக நடந்தேறின என்று எண்ணிவிடலாகாது. பள்ளியில் அவர் சிறந்த மாணவரல்லர். ஓயாத தலைவலி படிப்பைக் குலைத்தது. 1913இல் மெற்றிக்குலேசன் பரீட்சையில் ஒருவாறு தேறினார். கல்லூரிப் படிப்பு பிடிக்கவில்லை. குடும்பத்தின் சுரங்க, மரத் தொழில்களைக் கவனிக்கவென பர்மாவின் தவாய்ப் பகுதிக்குச் சென்றார். அங்கே கணக்கேடுகளைவிடக் காட்டுப் பறவைகளே அவருடைய கவனத்தைக் கவர்ந்தன. வணிகம் நொடித்தது. பம்பாய் திரும்பிய அவர் சென் சேவியர் கல்லூரியில் விலங்கியல் கற்றாரேனும் பல்கலைக்கழகப் பட்டம் பெறவில்லை. அதனால் இந்திய விலங்கியல் ஆய்வுத் திணைக்களத்தில் பறவையியலாளர் பதவியும் அவருக்குக் கிட்டாமற்போனது. பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டே பிள்ளைகளின் தலைவிதியை நிர்ணயிக்கும் நமது சமூகம் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திப்பது நன்று.

1918இல் அவர் தெஹ்மினா பேகத்தை மணந்தார். 1926இல் பம்பாயின் வேல்ஸ் இளவரசர் நூதனசாலையில், இயற்கை வரலாற்றுப் பகுதிக்கு வருவோருக்கும் மாணவருக்கும் விளக்கமளிக்கும் விரிவுரையாளராக நியமனம் பெற்றார். கண்ணாடிப் பேழைக்குள்ளிருக்கும் பறவைகளைக் காட்டிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வேலை அது. மில்லார்ட் தமக்குச் செய்ததை அவர் பிறருக்குச் செய்யத் தொடங்கினார் என்று கொள்ளலாம். எனினும் உயிரற்ற பறவைகளோடு அவருடைய மனம் நிறைவடையவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு ஜேர்மனி சென்று, பேர்லின் நூதனசாலையில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். பிற்காலத்தில் தமது குருவென அவர் கொண்டாடியது ஸ்ட்ரெஸ்மானையே. காலில் வளையமிட்டுப் பறவைகளின் பயணத்தை அறியும் முறையையும் அவர் ஜேர்மனியிலேயே நேரிற் கண்டார்.

1930இல் புதிய அறிவோடு தாயகம் திரும்பியபோது பேரிடி காத்திருந்தது. நிதிப் பற்றாக்குறையால் அவருடைய பதவியே நீக்கப்பட்டுவிட்டது. வருவாய் இழந்த கணவனும் மனைவியும் பம்பாய்க்கு எதிர்க்கரையிலுள்ள கிஹிம் என்னும் கரையோரக் கிராமத்தில் குடியேறினர். அங்கே வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக் கொண்டிருந்தன. வேலையற்ற மனிதர் பகலெல்லாம் அவற்றைப் பார்த்திருந்தார். ஆண்குருவி பாதிக்கூடு கட்டி நிறுத்துவதும், பெண்குருவி வந்து பரிசோதித்துப் பிடித்தால் குடியேறுவதும், அதன்பின் ஆண் அக்கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு துணையை நாடுவதும் அவருடைய பொறுமையான அவதானிப்பால் உலகுக்குத் தெரியவந்தன. நாமெல்லோரும் பனை ஓலை நுனியிலும் கிணற்றடி மரத்திலும் கண்டு கடந்துபோகும் கூடுதான் அது. அறிவியலுக்கு வேண்டியது விலையுயர்ந்த கருவியல்ல, நின்று பார்க்கும் மனமே என்பதை அந்த மழைக்காலம் காட்டியது.

பின்னர் அவர் சுதேச சமஸ்தானங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். பயணச் செலவைப் பொறுப்பேற்றால் போதும், ஊதியமின்றித் தாம் அவ்வாட்சிப் பகுதிகளின் பறவைகளை ஆராய்ந்து தருவதாகக் கூறினார். ஐதராபாத்தில் தொடங்கிய அப்பணி 1933இல் கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்களை எட்டியது. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் காடுகளைக் கடந்த அப்பயணங்கள் பலவற்றில் தெஹ்மினாவும் உடனிருந்தார். வசதியான வாழ்வில் பழகிய அப்பெண்மணி கூடாரங்களில் இல்லறம் நடத்தினார். கணவரின் எழுத்துநடையைச் செப்பமிட்டதில் அவருக்குப் பங்குண்டு. 1939இல், சிறிய சத்திரசிகிச்சையொன்றைத் தொடர்ந்து அவர் மறைந்தார். பிள்ளைகளும் இல்லாத நிலையில் சலீம் அலி மறுமணம் செய்யவில்லை. சகோதரியின் இல்லத்தில் ஒதுங்கி, எஞ்சிய வாழ்வு முழுவதையும் பறவைகளுக்கே அளித்தார்.

1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல், பறவை பார்த்தலை வெள்ளையரின் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து சாதாரண மக்களின் அறிவுத் துறையாக மாற்றியது. சிறையிலிருந்த ஜவஹர்லால் நேரு அந்நூலைத் தம் மகள் இந்திராவுக்குப் பரிசளித்தார். அன்று முளைத்த ஆர்வம் பின்னாளில் ஒரு பிரதமரின் முடிவுகளிலும் பிரதிபலித்தது. சுதந்திரத்துக்குப் பின் ஆங்கிலேயர் வெளியேறியதால் தள்ளாடிய இயற்கை வரலாற்றுக் கழகத்தை, நேருவுக்கு எழுதி நிதியுதவி பெற்று நிலைநிறுத்தியவரும் சலீம் அலியே. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து அவர் எழுதிய பத்துத் தொகுதிகள் கொண்ட பெருங்கையேடு 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. இந்தியா, பாகிஸ்தான் மட்டுமன்றி இலங்கையின் பறவைகளும் அதனுள் அடங்கும். நாடுகள் தமக்குள் எல்லைக்கோடு வரைந்து சண்டையிட்ட காலத்தில் அவர் அனைத்து நாடுகளின் பறவைகளையும் ஒரே நூலில் அமர்த்தினார். பறவைக்குக் கடவுச்சீட்டு இல்லை என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

மன்னாரோடு அவருடைய பணி நெருங்கிவரும் இடம் இதுவே. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டுப் பகுதியில் உண்ணிகளால் பரவும் புதிய காய்ச்சலொன்று கண்டறியப்பட்டது. ரஷ்யப் பகுதியிலிருந்து வரும் பறவைகள் அதனைக் கொண்டுவந்திருக்கலாம் என்ற ஐயத்தால் உலக சுகாதார நிறுவனத்தின் உதவி கிடைத்தது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தி, நீண்டகாலமாகத் தாம் கனவுகண்ட வளையமிடும் பணியைச் சலீம் அலி பெருமளவில் தொடங்கினார். 1960களில், பாக்கு நீரிணையின் மறுகரையிலுள்ள கோடியக்கரையின் முக்கியத்துவத்தை அவர் இனங்கண்டார். 1967இல் அது சரணாலயமாக்கப்பட்டது. பம்பாய்க் கழகத்தினர் அங்கே ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையமிட்டனர். கோடியக்கரையும் மன்னாரும் ஒரே வான்பாதையின் இரு தரிப்பிடங்கள். அவர் வளையத்தால் தொடங்கிய தேடலை இன்று செய்மதி தொடர்கிறது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பொருத்தி விடுவித்த கடற்காக்கையொன்று, 2021இல் ரஷ்யாவின் வடமுனைக் கரையோரத்து யமால் தீபகற்பம்வரை பறந்து சென்று, அவ்வாண்டிலேயே மீண்டும் மன்னாருக்குத் திரும்பியது. நாரையிடம் தூது சொல்லியனுப்பிய சத்திமுத்தப் புலவர் அறிந்திருந்த வான்பாதையை விஞ்ஞானம் இப்போது வரைபடமாக்கிக் காட்டுகிறது.

பறவையை அறிவதோடு நின்றுவிடாமல் அதன் வாழிடத்தைக் காக்கவும் அவர் போராடினார். ராஜஸ்தானின் பரத்பூர் நீர்நிலை, மன்னர்களும் வைஸ்ராய்களும் வாத்து வேட்டையாடிய களம். 1938இல் ஒரே நாள் வேட்டையில் அங்கே நான்காயிரத்துக்கும் அதிகமான பறவைகள் வீழ்த்தப்பட்டன. சுதந்திரத்தின் பின் அதனை வற்றச்செய்து வயலாக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது, நேருவிடம் எடுத்துரைத்து அதனைக் காப்பாற்றியவர் சலீம் அலி. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டத்துக்காக அணை கட்ட முற்பட்டபோது, அதற்கெதிராக எழுந்த குரல்களுள் அவருடையது கனதியானது. 1984இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மின்சாரம் வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. மின்சாரத்துக்கு வேறு வழிகள் உண்டு, அழிந்த காட்டுக்கு வேறு வழியில்லை என்பதே அத்தரப்பின் நியாயமாக இருந்தது.

ஆயினும் பெரியோரின் வாழ்வை எழுதும்போது வெற்றிகளை மாத்திரம் எழுதுவது நேர்மையாகாது. ஆராய்ச்சிக்காக ஏராளமான பறவைகளைச் சுட்டவர் அவர். மாதிரிகளின்றி இனங்களைப் பிரித்தறிய முடியாதென்று இறுதிவரை அதனை நியாயப்படுத்தினார். அதனைவிடப் பாரதூரமானது பரத்பூரில் நிகழ்ந்தது. அந்நீர்நிலை 1982இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டதும் சுற்றுக் கிராமத்தவரின் எருமைகள் அங்கே மேய்வது தடைசெய்யப்பட்டது. அத்தடையை ஆதரித்த அறிஞர்களுள் சலீம் அலியும் ஒருவர். தலைமுறை தலைமுறையாக மேய்ச்சலை நம்பி வாழ்ந்த மக்கள் கொதித்தெழுந்தனர். பொலிஸாரின் துப்பாக்கிச்சூட்டில் கிராமத்தவர் சிலர் உயிரிழந்தனர். பின்னர் நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. எருமைகள் அகன்றதும் புல்லும் நீர்த்தாவரங்களும் மண்டி, திறந்த நீர்ப்பரப்பு குறுகியது. மேய்ச்சலும் அந்நீர்நிலையின் நலனுக்கு வேண்டிய ஓர் அங்கமே என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வே கண்டறிந்தது. தம் தலைமகனின் கருத்துக்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்ட அந்நிறுவனத்தின் நேர்மை, அவர் அங்கே வளர்த்த ஆய்வு ஒழுக்கத்துக்குச் சான்றாகும். மக்களைப் பகைத்துக்கொண்டு பறவைகளைக் காக்க முடியாது என்ற பாடமோ உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற பாடம்.

1958இல் பத்ம பூஷண், 1976இல் பத்ம விபூஷண் ஆகிய விருதுகள் அவரை வந்தடைந்தன. பட்டம் பெறாத அவருக்குப் பல்கலைக்கழகங்கள் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கின. ஜே. போல் கெற்றி வனவிலங்குப் பாதுகாப்புப் பரிசாகக் கிடைத்த தொகையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது இயற்கைப் பாதுகாப்பு நிதியொன்றை ஏற்படுத்தப் பயன்படுத்தினார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20ஆம் திகதி, 90ஆவது வயதில் பம்பாயில் காலமானார். தமிழகமும் அவரை மறக்கவில்லை. மேகமலைக் காடுகளில் வாழும் அரிய பழந்தின்னி வௌவாலொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் 1990இல் நிறுவப்பட்ட பறவையியல் ஆய்வு மையமும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவருடைய வாழ்வின் வெளிச்சத்தில் மன்னாரை நோக்குவோம். வங்காலைப் பகுதி 2008இல் சரணாலயமாகவும், 2010இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. 2015இல் ஆதாம் பாலம் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மறுபுறம், 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவோட் மின்வலுத் திட்டம் இயங்கத் தொடங்கியது. மன்னாரிலும் பூநகரியிலும் மேலும் காற்றாலைகளை நிறுவ முன்வந்த இந்தியாவின் அதானி நிறுவனம், சூழலியலாளரின் வழக்குகளுக்கும் கட்டண மீளாய்வுக்கும் மத்தியில் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. எனினும் வேறு காற்றாலைத் திட்டங்கள் தொடர்ந்தமையால், அதே ஆண்டில் மன்னார் மக்கள் இன, மத வேறுபாடின்றி நீண்ட நாட்கள் வீதியில் நின்று போராடினர். காற்றிலிருந்து பெறும் மின்சாரம் புகையற்றது, நாட்டுக்கு வேண்டியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வடமுனையிலிருந்து வரும் பறவைகள் இறங்கும் வாயிலிலேயே அவற்றை நிறுவ வேண்டுமா என்ற வினா, அமைதிப் பள்ளத்தாக்கில் சலீம் அலி எழுப்பிய வினாவின் உடன்பிறப்பு.

பரத்பூரின் பாடமும் இங்கே பொருந்துகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் மன்னார் மாவட்ட மக்களும் அடங்குவர். போர் முடிந்தபின் முசலிப் பகுதிக்குத் திரும்பியோர், தாம் வாழ்ந்த காணிகள் காடடர்ந்து வன ஒதுக்கங்களின் எல்லைக்குள் சென்றுவிட்டதாக முறையிட்டனர். காட்டை அழிப்போர் என்ற பழியும் அவர்கள்மீது சுமத்தப்பட்டது. போரால் இடம்பெயர்ந்த தமிழ்க் கிராமங்களுக்கும் இத்தகைய காணிப் பிரச்சினை புதிதன்று. காடு காக்கப்பட வேண்டும். ஆனால், அங்கே வாழ்ந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேளாமல் வரைபடத்தில் இடப்படும் கோடு, மக்களின் மனத்தில் இயற்கைப் பாதுகாப்பின்மீதே வெறுப்பை விதைக்கிறது. அந்த வெறுப்பின் விலையைப் பறவைகளும் செலுத்த நேரிடும்.

இவ்விரண்டு சிக்கல்களுக்கும் நடுவே நாம் இன்றே செய்யக்கூடிய பணியொன்று உண்டு. வலையில் சிக்கியும் கம்பியில் மோதியும் அடிபட்டும் வீழும் கடற்கழுகும் செம்பருந்தும் மன்னார்க் கரையில் புதியவையல்ல. அவற்றுக்குச் சிகிச்சையளிக்கவும், மீண்டும் பறக்க இயலாதவற்றைச் சட்டத்துக்கமைய நலனோடு பேணி மாணவருக்கு அறிமுகப்படுத்தவும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் மேற்பார்வையில் ஒரு சிறு நிலையம் மன்னாரில் அமையுமாயின், அது பல விளம்பரப் பலகைகள் செய்யாததைச் செய்யும். காட்சிப் பொருளாக்கிக் காசு சேர்க்கும் கூண்டாக அது அமைந்துவிடலாகாது என்பதும் வலியுறுத்தத்தக்கது. பறக்கக்கூடிய பறவை பறந்தேயாக வேண்டும். எருக்கலம்பிட்டியின் பிள்ளையும் பேசாலையின் பிள்ளையும் முருங்கனின் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்து அந்தப் பறவையின் கண்ணை நேருக்கு நேர் காணட்டும். அது எவ்வினம், எங்கே கூடுகட்டும், ஏன் வீழ்ந்தது என்று அவர்கள் கேட்கட்டும். நாளை தம் ஊரில் எதனை எங்கே கட்டலாம் என்ற விவாதம் எழும்போது, கொழும்பிலிருந்து வரும் நிபுணரை எதிர்பார்த்திராமல் அப்பிள்ளைகளே சான்றுகளோடு பேசுவர்.

நவம்பர் 12ஆம் திகதி சலீம் அலியின் பிறந்த தினம். மன்னாரில் பறவைகள் நிறைந்திருக்கும் காலமும் அதுவே. அன்றைய தினம் ஆசிரியர்கள் தம் மாணவரைத் தாம்போதியருகே அழைத்துச் சென்று ஒரு மணிநேரம் நிற்கச் செய்தால்கூட அது நல்ல தொடக்கமாகும். ஐயத்தோடு வந்த சிறுவனுக்கு அன்று பம்பாயில் ஒருவர் பெட்டிகளைத் திறந்து காட்டினார். தாம்போதியருகே திறப்பதற்குப் பெட்டிகளும் இல்லை, பூட்டுகளும் இல்லை. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வது ஒன்றே பெரியோராகிய நமது கடமையாகும்.